சேர்த்தாச்சு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் தையலம்மாவின் கடை இருந்தது. கதவை முழுக்கத் திறந்தால் உள்ளே நிற்க இடம் போதாது. புதுத் துணி தைப்பதெல்லாம் அபூர்வம். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, காலைக் குட்டையாக்குவது, இதுதான் வேலை. "இளைச்சாலும் என்கிட்டதான் வரணும், பெருத்தாலும் என்கிட்டதான் வரணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஐம்பதைத் தாண்டியவள். கால் மிஷினை மிதித்தால் வாய் தானாக ஏதாவது பாடும். பாடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. சாவிக்காரர்தான், "அக்கா, ரேடியோவை நிறுத்திட்டீங்களே, ஏன்?" என்று எட்டிப் பார்த்துக் கேட்பார்.

அந்த ஊரில் ஒரு பாடகர் குழு இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் நூலகத்தின் மாடியில் கூடிப் பயிற்சி செய்வார்கள். அதில் சேருவது லேசான காரியமில்லை. முதலில் குழுவின் பாட்டு ஆசிரியர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும். தேறினால் சில மாதங்கள் பின்வரிசையில் நின்று பழக வேண்டும். அதன் பிறகு ஏதாவது ஒரு நிகழ்ச்சியில், மேடையில், கூட்டத்துக்கு முன்னால், "உங்களை எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று ஆசிரியர் சொல்லிக் கழுத்தில் ஊதா ரிப்பனைப் போடுவார். ரிப்பன் விழுந்த பிறகுதான் உறுப்பினர்.

குழுவினர் எல்லாருக்கும் சாம்பல் நிறத்தில் நீள அங்கி தைக்கும் வேலை தையலம்மாவுக்கு வந்தது. அளவெடுக்கவும் போட்டுப் பார்க்கவும் வியாழக்கிழமைகளில் அவளே மாடிக்குப் போனாள். வேலை முடிந்த பிறகும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே பாட்டைக் கேட்பாள். ஒருநாள் அங்கே அவள் வாய் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். லேசில் யாரையும் மெச்சாத மனிதர்.

"நீங்களாம்மா பாடினது? நல்லா இருக்கே!"

அவ்வளவுதான் சொன்னார். தையலம்மாவுக்கு அன்று வீட்டுக்குப் போகிற வழி தெரியவில்லை. அடுத்த வாரம், குழுவின் செயலாளருக்கு அங்கியில் ஊசி குத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்: "என்னை மாதிரி ஆளை எல்லாம் சேர்த்துக்குவீங்களா?"

செயலாளர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் பெண். எப்போதும் ஒரு காலை வாசலில் வைத்தபடியே பேசுகிறவள். "ஏன்க்கா கூடாது? பாப்போம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்தப் 'பாப்போம்' தையலம்மாவின் மனதில் வேர்விட்டுவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் செயலாளர் போன் செய்தாள். பக்கத்தில் சாவிக்காரரின் மிஷின் கரகரத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களையும் சேர்த்தாச்சு! வர்ற சனிக்கிழமை வெளியூர்ல நிகழ்ச்சி. ரெண்டு மணிக்கு நூலகத்துக்கு வந்திருங்க, வேன்ல போயிடலாம். மீதி நேர்ல பேசிக்கலாம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. தையலம்மா கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். பாடிக் காட்டவில்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அன்றைக்குப் பாடியதை ஆசிரியர்தான் கேட்டாரே என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். பின்வரிசையில் நின்று பழகவில்லையே? அதற்கும் பதில் இருந்தது: கடைசி நாற்காலியில் எத்தனை வியாழக்கிழமை உட்கார்ந்திருக்கிறோம்! மனதுக்கு வேண்டியதென்றால் அதுவே வக்கீலாகி வாதாடும்.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவர் ஆயுள் முழுக்க லேத் பட்டறையில் இருந்து காதைப் பாதி தொலைத்தவர். நாலு வார்த்தை சொன்னால் இரண்டு காதில் விழும். மீதி இரண்டை அவரே போட்டுக்கொள்வார். இந்தச் செய்தி மட்டும் முதல் தடவையே விழுந்துவிட்டது.

"நான் பாட்டுக் குழுவில சேர்ந்துட்டேங்க."

"ஆங்! உன்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

மருந்துக் கடையில் வேலை செய்யும் மருமகள் மட்டும் தட்டைக் கழுவியபடி கேட்டாள். "சேர்ந்தீங்களா அத்தை, இல்ல அவங்க சேர்த்துக்கிட்டாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல அத்தை. நாமளா போய் நின்னாலும் சேர்ந்ததுதான். அவங்க சேர்த்துக்கிட்டாத்தான் கணக்கு."

"சேர்த்தாச்சுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்கடி" என்றாள் தையலம்மா. மருமகள் அடுத்த தட்டை எடுத்தாள்.

மறுநாள் செருப்புக் கடைக்காரம்மாவுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. மிச்சமிருந்த சாம்பல் துணியில் தையலம்மா தனக்கும் ஓர் அங்கி தைத்தாள். மார்பில் இரண்டு துண்டு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஒட்டு தெரியாமல் தைத்தாள். ரிப்பன் மட்டும் தைக்கவில்லை. அது அவர்கள் போட வேண்டியது.

சனிக்கிழமை வேனில் ஏறியபோது செயலாளர் அவள் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். ஊசி, நூல், சின்னக் கத்தரி. "அவசரத்துக்கு இருக்கட்டும்க்கா" என்றாள். தையலம்மாவுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பாடவும் பாடலாம், தைக்கவும் தைக்கலாம், அதனாலென்ன?

அரங்கத்தின் பின்னறையில் ஒரே அமளி. ஒருவருக்குப் பொத்தான் கழன்றது, இன்னொருவருக்கு ஓரம் பிரிந்தது. எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தன் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். வேறு யாரோ சொல்லித்தான் போட்டிருக்கிறாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். திரை விலகியபோது அவள் பின்வரிசையின் ஓரத்தில் நின்றாள். மூன்றாவது வரிசையில் கணவரும் மருமகளும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ரயிலில் வந்திருந்தார்கள். கணவர் கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டிருந்தார்.

ஆசிரியர் மைக்குக்கு முன்னால் வந்தார். "பாட்டுக்கு முன்னால் ஒரு மகிழ்ச்சியான வேலை இருக்கிறது. நம் குழுவில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம். வாருங்கள்."

ஒரு கல்லூரிப் பெண் முன்னால் போனாள். தபால் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் ஆள் போனார். அவர்கள் பின்னாலேயே தையலம்மாவும் போய் நின்று, ரிப்பனுக்குத் தோதாகத் தலையைக் கொஞ்சம் குனிந்தாள்.

ஆசிரியர் அந்தப் பெண்ணுக்கு ஒரு ரிப்பன் போட்டார். தபால் அலுவலக ஆளுக்கு ஒன்று போட்டார். பிறகு அவர் கை காலியாக இருந்தது. குனிந்த தலையோடு அவள் பார்த்தது அந்தக் காலிக் கையைத்தான். மைக்கை விட்டு விலகி அவர் மெல்லக் கேட்டார்.

"என்னம்மா வேணும்? ஏதாவது கிழிஞ்சிருக்கா?"

"சேர்த்தாச்சுன்னு சொன்னாங்களே சார்..."

அவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார். செயலாளரின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த கணத்தில் தையலம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேனில் ஓர் இடம். அவசரத்துக்கு ஊசி நூல். சேர்த்தது அதில்தான்.

காலடியில் பலகை பிளந்தால் தேவலை என்றிருந்தது. பலகைகள் எங்கே பிளக்கின்றன? ஆசிரியர் நல்ல மனிதர், சட்டென்று சுதாரித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "நாங்கள் போட்டிருக்கும் இந்த அழகான அங்கிகளைத் தைத்தவர் இவர்தான். இவருக்கு ஒரு கைதட்டல்!"

அரங்கம் முழுக்கக் கை தட்டியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை. எல்லார் கண்ணும் அவள் போட்டிருந்த அங்கியின் மேல் இருந்தது. தைத்துக் கொடுக்க வந்தவள் தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று ஒவ்வொருவரும் நினைப்பதாக அவளுக்குப் பட்டது. கையை மார்பின் மேல் வைத்து ஒட்டை மறைத்துக்கொண்டாள். மூன்றாவது வரிசையில் அவள் கணவர் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். மருமகள் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

வேனில் திரும்ப அவளுக்கு மனமில்லை. அங்கியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு கணவரோடும் மருமகளோடும் ரயிலேறினாள். கணவர் எதிர் இருக்கைக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி. பாட்டுக் குழுவில இருக்கா. இன்னிக்குத்தான் மேடையில வெச்சு சேர்த்துக்கிட்டாங்க. என்னா கைதட்டல்ங்கிறீங்க!"

"அப்படியா! ஒரு பாட்டு பாடுங்களேன்மா, நேரம் போகும்."

"தொண்டை கட்டியிருக்குங்க" என்றாள் தையலம்மா. அதற்கே குரல் வரவில்லை. தொண்டை கட்டியிருப்பது உண்மைதான் என்று அவரும் நம்பிவிட்டார். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை சமையலறையில் மருமகள் மெதுவாகக் கேட்டாள்: "மாமாகிட்ட நான் சொல்லட்டுமா அத்தை?"

"வேண்டாம். நீயும் மறந்துடு."

மறக்க விட்டால்தானே. செருப்புக் கடைக்காரம்மா, "எப்ப எங்களுக்குப் பாடிக் காட்டப் போறே?" என்று கேட்டாள். சாவிக்காரர் தன் வாடிக்கையாளர்களிடம், "பக்கத்துக் கடை யாருன்னு தெரியுமில்ல?" என்று பெருமை பேசினார். தையலம்மா சந்து வழியாகக் கடைக்கு வந்தாள், கதவை ஒருக்களித்தே வைத்தாள். மிஷினை மிதித்தாள். வாய் பாடவில்லை.

அந்த வாரமே செயலாளர் வந்தாள். இந்தத் தடவை ஒரு காலை வாசலில் வைக்கவில்லை. உள்ளே வந்து, தைக்க வேண்டிய துணி மூட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. வேன்ல வர்றவங்களோட சேர்த்தாச்சுன்னுதான் நான் சொன்னேன். நீங்க அப்படி எடுத்துக்குவீங்கன்னு..."

"உன் மேல தப்பில்லம்மா. குழம்புல உப்பு சேர்த்தாச்சுன்னும் சொல்றோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சுன்னும் சொல்றோம், ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சுன்னும் சொல்றோம். எதுலன்னு நான்தான் கேட்டிருக்கணும். கேட்டா இல்லைன்னு சொல்லிருவியோன்னு பயம். அதான் கேக்கல."

இதைச் சொல்லும்போது அவள் காது மடல் வரை சூடேறியது. ஏமாற்றியது யாருமில்லை, தானே ஏமாறிக்கொண்டோம் என்று ஓர் ஆளிடமாவது வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது.

"சார்கிட்ட பேசிட்டேன்க்கா. உங்களை நேராவே சேர்த்துக்கலாம். பரீட்சை ஒண்ணும் வேண்டாம்."

"பாவம் பாத்தா?" தையலம்மா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள்; கோக்க வரவில்லை. "வேண்டாம். எல்லாரையும் மாதிரி என்னையும் பாட வெச்சுக் கேக்கட்டும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும்."

அப்படியே நடந்தது. யாருமில்லாத நேரத்தில் நூலக மாடியில் ஆசிரியர் அவளைப் பாடச் சொன்னார். தனியாகப் பாடினாள், நன்றாகவே இருந்தது. பிறகு, குழுவில் இரண்டு அணியாகப் பிரிந்து பாடுவதுபோல, அவர் பக்கத்தில் நின்று அதே பாட்டை வேறொரு மெட்டில் கூடவே பாடினார். அவள் குரல் கொஞ்சம் தடுமாறி அவர் குரலின் பின்னாலேயே போய்விட்டது. இன்னொரு முறை பாடினார்கள். மறுபடியும் அதேதான். காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். அதுவும் உதவவில்லை.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குரல் நல்ல குரல்மா. ஆனா பக்கத்துல யார் பாடினாலும் அவங்க வழியில போயிடுது. குழுவுக்கு அது சரிப்படாது. இப்போதைக்கு உங்களைச் சேர்த்துக்க முடியல."

"சரிங்க சார்" என்றாள். படியிறங்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மேடையில் பட்ட வெட்கத்துக்குப் பெயர் கிடையாது, யாரிடமும் சொல்ல முடியாது. இதைச் சொல்லலாம். பாடினேன், சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

நேரே கடைக்கு வந்தாள். கணவர் மதிய டிபன் கேரியரோடு வாசலில் காத்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க, என்னைக் குழுவில சேர்க்கல."

"ஆங்?"

"சேர்க்கலைங்க!"

"யாரு செத்தது?"

செருப்புக் கடைக்காரம்மா தலையை நீட்டினாள். தையலம்மா கண்ணை மூடிக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"என்னைப் பாட்டுக் குழுவில சேர்க்கவே இல்லைங்க! அன்னிக்கும் சேர்க்கல! இன்னிக்கும் சேர்க்கல!"

சாவிக்காரர் மிஷினை நிறுத்தினார். கணவர் டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்ப எதுக்கு அவ்வளவு பேரு கை தட்டினாங்க?"

"துணி தச்சதுக்கு."

"நானும் எந்திரிச்சு நின்னு தட்டினேனே" என்றார். பிறகு, "ரயில்ல அந்த ஆளுகிட்ட வேற..." என்று இழுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். தன் வெட்கத்தில் பாதி அவருக்கும் போய்விட்டதைப் பார்த்தபோதுதான் தையலம்மாவுக்குக் கண் கலங்கியது. "உள்ள வந்து உக்காருங்க, சாப்பிடலாம்" என்றாள். செருப்புக் கடைக்காரம்மா தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பிறகும் அங்கி வேலை வந்துகொண்டுதான் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அளவெடுக்க வேண்டும் என்றால், கடைக்கே அனுப்பச் சொல்லிவிட்டாள். தைத்து முடித்ததை வியாழக்கிழமை மாலை நூலகத்துக்கு எடுத்துப் போவாள். மாடியில் பாடிக்கொண்டிருப்பார்கள். கீழே இருக்கும் காவலாளியிடம் பொட்டலத்தைக் கொடுப்பாள்.

"மேல போய்க் குடுங்களேன்மா, எல்லாரும் இருக்காங்க" என்பார் அவர்.

"கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாட்டு முடியுமுன்னே தெருவில் இறங்கிவிடுவாள்.