உப்புக் கையும் ஒரு நிமிஷமும்

கிராம சுகாதார செவிலியரின் வேலை, வராத நோய்க்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவது. வந்த பிறகு எல்லோரும் நம் கதவைத் தட்டுவார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் துணை சுகாதார நிலையம், கழுவெளி ஏரியில் தண்ணீர் ஏறினால் தீவாகிவிடும். அதனால் கொரோனா சென்னையில் இருந்தபோதே எங்களைத் தயாராகச் சொன்னார்கள்.

விரல்

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்று கொடுத்தார்கள். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஒத்திகைக்கு உப்பளத்துக்கே போனேன். உப்புத் தண்ணீரில் ஊறித் தடித்த விரல்களில் மீட்டர் தடுமாறியது. சிலருக்கு எண்ணே வரவில்லை. உப்புக் கூடை தூக்கும் அஞ்சலைக்கு எண்பத்தாறு.

கையைக் கழுவித் துடைத்து, சூடு வரத் தேய்த்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. வெயிலில் வரிசை நீளமாக நின்றது. "உப்புக் கைக்கு இது ஒத்துவராது, பொய் சொல்லுது" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை மீட்டரைக் கழற்றித் தந்தாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லுங்க நர்சம்மா, இந்தப் பொணந்தான் காலைலேர்ந்து கூடை தூக்கிக்கினு இருக்குதுன்னு."

ஒரு நிமிஷம்

மீட்டரை நம்பாமல் பழைய வழிக்குத் திரும்பினேன். குழந்தைகளுக்குச் செய்வதுபோல, வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுவது. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன்.

அஞ்சலையிடம் மூன்று முறை தோற்றேன். பதினைந்து நொடிக்குள் மருமகள், தண்ணி லாரி, என் புடவை என்று ஏதாவது ஆரம்பித்துவிடுவாள். அவள் கணவர் ஏழுமலை பாத்திக்குள் நின்றபடியே சொன்னார்:

"கல்யாணம் ஆன நாளா நானும் அந்த ஒரு நிமிஷத்தத்தான் தேடிக்கினு இருக்கேன்மா."

எண்பத்து நான்கு

கொரோனா எங்கள் ஊருக்கும் வந்தது. அஞ்சலைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மீட்டரில் எண்பத்து நான்கு. இரண்டு நாளாகவே அப்படித்தான் காட்டுகிறது என்றார் ஏழுமலை. தினமும் மீட்டரோடு வரும் தன்னார்வலர் பெண் பார்த்துவிட்டு, உப்புக் கைதானே என்று போய்விட்டாளாம்.

மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பத்தாறு மூச்சு; பெரியவர்களுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. அந்த முழு நிமிஷத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். ஏழுமலை குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"மெஷின் பொய் சொல்லும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

வரப்பு

மூன்று வாரம் ஆக்சிஜனில் இருந்துவிட்டு அஞ்சலை திரும்பினாள். கூடை தூக்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து, மற்றவர்கள் உப்பு வாருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சிரித்ததைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டினாள். நடுவில் நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"நாடி இல்ல, மூச்சத்தான் எண்ணுறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். இப்ப எண்ணிக்கோங்க நர்சம்மா, ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியுது."

அடுத்த நோய்க்கென்று இப்போது புதிய மீட்டர் வந்திருக்கிறது. அது தடுமாறும்போது சிரிக்காமல் இருப்பதற்கும் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தால் நல்லது.