ஈரக்கை மேடம்

இரண்டு கைகளையும் முழங்கை வரை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, உதறாமல், சொட்டச் சொட்ட அப்படியே நிற்கிறார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"காஞ்ச கையால மீனைத் தொட்டா, மேல இருக்கிற வழவழப்பு உங்க விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துடும். அந்த வழவழப்புதான் அதுக்குச் சட்டை. சட்டையை உருவிட்டுத் தண்ணில விட்டா, ரெண்டு நாள்ல அந்த எடத்துல புண்ணு வரும்."

உயிர்மீனைக் கையாளவும் அதன் நோயைக் கண்டுபிடிக்கவும் கற்றுத்தருகிற பயிற்சி நிலையத்தில் அவருக்கு 'ஈரக்கை மேடம்' என்று பெயர். முன்னால் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'ஈரக்கை'. அவருக்கும் இது தெரியும். முப்பது வருஷப் பழக்கத்தில் காகிதத்தைத் தொடும்போதுகூட அவர் கை வாளியைத் தேடுகிறது. வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து மட்டும் மை கலைந்து ஊறிப்போய்க் கிடக்கும்.

வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி. காலுக்கு ஒரு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ். நடந்தால் 'பொதக், பொதக்' என்று கட்டடம் முழுக்கக் கேட்கும். கேட்டால், "சின்ன அளவு வரவே மாட்டேங்குது. வர்றவரைக்கும் இதுதான்" என்கிறார். வராமல் பதினெட்டு வருஷம் ஆகிறதாம்.

ஐந்து நாள் பயிற்சியில் நானும் போய் உட்கார்ந்தேன். மீன் என்றால் தட்டில் பார்த்ததோடு சரி என்கிற ஆள் நான். என்னோடு வண்ணமீன் விற்கும் தொட்டிக்கடைக்காரர், நாலு குளம் வைத்திருக்கும் ஒரு குளத்துக்காரர், இன்னும் மூன்று பேர். முதல் நாளே குளத்துக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே ஐந்து மீன்கள், வயிறு உப்பி, நாறிக்கொண்டு.

"என்ன சீக்குன்னு நீங்கதான் மேடம் சொல்லணும்."

"செத்ததைக் கொண்டு வந்தா நான் எதைச் சொல்ல? செத்து ஒரு மணி நேரத்துல செவுள்ல இருந்த பூச்சியெல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும். எனக்கு நோயாளி வேணும். உசிரோட."

"செத்தாத்தானே மேடம் சீக்குன்னே தெரியுது."

"கூட்டத்தோட சேராம ஒண்ணு மட்டும் மூலையில ஒதுங்கி நிக்கும். தீனி போட்டாலும் வராது. அப்பவே பாக்கணும். எல்லாரும் பாக்காம விடறது அதைத்தான்."

நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வாக்கியம் எனக்கு மதியம்தான் உறைத்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில் அரட்டை அடித்தபடி சாப்பிட, அவர் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு மூன்றாம் தொட்டிப் பக்கம் போய், ஒரு முக்காலியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுக்கலாம் என்று நானும் போனேன்.

மூன்றாம் தொட்டியில் முப்பத்திரண்டு கெண்டைகள், பயிற்சிக்கென்றே வளர்ப்பவை. அதில் மிகப் பெரியது பதினோரு வருஷமாக இருக்கிறது. ஒரு பக்க மீசை பாதியில் அறுந்திருக்கும். பூட்ஸ் சத்தம் கேட்டாலே விளிம்புக்கு வந்து நிற்கும். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் பிடித்துப் பழகுவது அதைத்தான். நானும் பிடித்தேன். நனைந்த துணியால் அதன் கண்ணை மூடச் சொன்னார். "கண்ணை மூடினா பாதி பயம் போயிடும்" என்றார். உண்மைதான், சட்டென்று அடங்கிக் கிடந்தது.

அந்த மீனை அவர் 'பெரியவர்' என்கிறார். 'வாங்க, போங்க' என்றுதான் பேச்சு. அன்று மதியம் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மேடத்தின் தங்கை போன் செய்தார். ஈரக்கையால் காதில் வைக்க முடியாதென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்ட்டியாக்கா? தனியாவா?"

"இல்லடி. பெரியவரோட."

"அவரு இன்னும் ரிட்டயர் ஆகலையா?"

"இல்ல."

"ஒரு நாள் அவரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வாயேன், அவருக்கும் யாரும் இல்லன்னு சொன்னியே."

"வெளிய வந்தா அவருக்கு ஒத்துக்காதுடி."

போனை வைத்துவிட்டு டப்பாவை மூடினார். "உண்மையைச் சொன்னா, எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு இங்க வந்துடுன்னு அழுவா. நாலு வருஷமா இப்படியே ஓடுது" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்று உடனே தெரிந்தது.

கணவரைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி: "மீன் நாத்தம் ஒத்துக்கலைன்னாரு, போயிட்டாரு." நிலையத்துக்குப் பின்னாலேயே ஒற்றை அறைக் குடியிருப்பு. அங்கே போவது தூங்கத்தான் என்கிறார்.

நான்காம் நாள் காலை மூன்றாம் தொட்டியில் நாலு மீன்கள் மிதந்தன. அவர் பொதக் பொதக்கென்று வந்தார். விளிம்புக்கு யாரும் வரவில்லை. பெரியவர் தண்ணீர் விழும் மூலையில் ஒதுங்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். துடுப்பு அடியெல்லாம் சிவந்திருந்தது. வயிறு வீங்கியிருந்தது.

மேடம் அதைத் தூக்கி, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் கொஞ்சம் மயங்கவைத்து, தோலைச் சுரண்டி, செவுளில் நுனி வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். பூச்சி ஏதும் இல்லை. மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டார்.

"வெளிய ஒண்ணும் இல்ல. கிருமி உள்ளதான் இருக்கு. ஒண்ணை அறுத்துச் சிறுநீரகத்தைப் பாத்தாத்தான் எந்த மருந்துன்னு தெரியும்."

எதை அறுப்பது என்பது முதல் நாளிலிருந்து பலகையில் அவர் கையெழுத்தில் இருந்தது: செத்தது வேண்டாம், நன்றாக நீந்துவதும் வேண்டாம், நோய் முற்றி உயிரோடு இருப்பதை எடு. நாங்கள் பலகையைப் பார்த்தோம். தொட்டியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தொட்டிக்கடைக்காரர்தான் வாயைத் திறந்தார். "மேடம், அந்த நடுத்தரமா இருக்கிறதுகூடக் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு. அதை எடுத்துக்கலாமே."

"அதுல இப்ப ஒண்ணும் தெரியாது. தெரியாம மருந்தைப் போட்டா அத்தனையும் போயிடும்."

"ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாமே மேடம்" என்றார் குளத்துக்காரர் மெதுவாக. "தானா சரியாயிடுச்சுன்னா?"

"ஒரு நாள் பொறுத்துத்தானே நீங்க பையில கொண்டு வந்தீங்க."

குளத்துக்காரர் தலைகுனிந்தார். மேடம் முக்காலியில் உட்கார்ந்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் போன் வந்தது. அடித்து ஓயும்வரை விட்டுவிட்டார். எனக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பிறகு எழுந்து, கைகளை முழங்கை வரை நனைத்துக்கொண்டு, "வாங்க" என்றார். எங்களை அழைக்கிறார் என்று இரண்டு பேர் முன்னால் போனார்கள். அவர் தொட்டிக்குள் கையை விட்டார்.

இந்த முறை கிராம்பு எண்ணெய் முழு அளவு. மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் மூடி மெல்ல அசைந்து, பிறகு நின்றது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருந்தார். விரலால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். அசைவில்லை. "உசிர் போனதுக்குத் துணி போடாதீங்க, அதுக்கு ஒண்ணும் தெரியாது, நமக்குத்தான் இடைஞ்சல்" என்று இரண்டாம் நாள் எங்களிடம் சொல்லியிருந்தார்.

தட்டில் கிடத்தி, கத்தரிக்கோலை எடுத்தார். கீழே வைத்தார். வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்து, நாலாக மடித்து, அதன் கண்மேல் போட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.