மதினி அனுப்பிய யானை

போன வாரம் எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டிலும் உப்பு ஒரு நிலையில் இல்லை. காரணம், ஒரு யானை.

செஸ் யானைதான்!

திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. செஸ் போர்டு. மூலையில் முடங்கிய வெள்ளை ராஜா, கறுப்புச் சிப்பாயோடு முட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும் ஒரு சிப்பாய், ஒரே ஒரு யானை. எதிரே கறுப்பு ராஜாவும், அடுத்த அடியில் கதையை முடிக்கக் காத்திருக்கும் ராணியும். கீழே ஒரு வரி — ‘வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும்.’ குட்மார்னிங் இல்லை, சாப்பிட்டாயா இல்லை...

அனுப்பியவர் ஈஸ்வரி மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. தேனியில் இருக்கிறார். ஞாயிறு தோறும் பஸ் ஏறிக் கம்பம் வந்துவிடுவார். சாப்பாடு முடிந்ததும் எனக்கும் அவருக்கும் செஸ். ஆனால், இந்தப் படம் வந்த நேரத்தில் எங்களுக்குள் பேச்சு வார்த்தையே இல்லை!

ஏன்? கடைசியாக ஆடியபோது மதினியிடம் மிஞ்சியது ராஜா மட்டும்தான். என் ராணியை வைத்து அதை மூலைக்கு நெருக்கினேன். செக் வைக்கவில்லை. ஆனால் அது எந்தக் கட்டத்துக்கும் போக முடியாது. கைதட்டிவிட்டேன். மதினி அசரவில்லை.

“இது டிரா.”

“எப்பிடி மதினி? ராஜாதான் அடைபட்டுப் போச்சே!”

“செக் இல்லாம அடைபட்டா டிராதான். உலகம் பூராவும் அப்பிடித்தான்.”

“எங்க கம்பத்துல அப்பிடி இல்ல!”

உண்மையிலேயே இல்லை. நான் செஸ் கற்றது கம்பம் ஜீப் ஸ்டாண்டில். என் அப்பா கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டினார். ஆள் சேரும்வரை டிரைவர்கள் செஸ் ஆடுவார்கள். தோற்றவன் எழுந்துகொள்ள வேண்டும், காத்திருப்பவன் உட்கார வேண்டும். டிரா என்றால் யார் எழுந்திருப்பது? அதனால் அங்கே டிராவே கிடையாது. ராஜா அடைபட்டால் தோல்வி. இது எவ்வளவு நியாயமான சட்டம்!

மதினி உத்தமபாளையம் கல்லூரியில் டீம் கேப்டனாக இருந்தவர். “ஜீப் ஸ்டாண்டு சட்டத்தையெல்லாம் எங்கிட்டப் பேசாத” என்றார். அப்பாவைச் சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்றது. “தோத்தா ஒத்துக்கிறணும் மதினி” என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இதில் விஷயம் என்னவென்றால், அந்த வெள்ளிக்கிழமை தேனியில் மதினியின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. தம்பிக்கு போனில் சொல்லியாயிற்று. எனக்கு? ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் பக்கம் வீட்டு மருமகளைத் தனியாக அழைக்க வேண்டும். புருஷனிடம் சொன்னால் போதும் என்பதெல்லாம் செல்லாது.

“ஒங்க அக்கா என்ன சொன்னாக?”

“வரச் சொல்லுச்சு.”

“யாரை?”

அவர் பேப்பரைப் பிரித்தார். பிறகு மெதுவாக, “நீ வரலைன்னா நானும் போகல” என்றார். கூடப் பிறந்த ஒரே தம்பி இல்லாமல் ஒரு அக்கா பால் காய்ச்சுவதா? ஊர் என்ன சொல்லும்? அதைவிட, இந்த மனுஷன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அந்தச் சமயத்தில்தான் இந்தப் புதிர். இது சமாதானமா... சவாலா?

போர்டில் காய்களை அடுக்கினேன். யானையைப் பின்னால் இழுத்தேன், செத்தேன். ராணிக்கு முன்னால் நிறுத்தினேன், ஒரே வெட்டில் செக்மேட். அடுப்புக்கும் டைனிங் டேபிளுக்கும் நடந்து நடந்து கால் வலித்தது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பொறுக்கியபடி யானையை நகர்த்தினேன். “என்னக்கா, எடுத்ததையே எடுத்து எடுத்து வக்கிறீங்க?” என்றார் கடைக்காரர். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் போர்டைப் பார்க்கத் தோன்றியது. எப்படி ஆடினாலும் யானையைக் காப்பாற்ற முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் வெறுத்தே போய்விட்டது. ‘ஒழிஞ்சு போ’ என்று யானையைக் கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்க் குத்தினேன். செக். கறுப்பு ராஜாவை வைத்து நானே அதை வெட்டினேன். சரி, இப்போது வெள்ளை ஆட வேண்டும்... எதை ஆடுவது? சிப்பாய் நகராது. ராஜாவுக்குக் கட்டம் இல்லை. செக்கும் இல்லை.

என் விரல் அந்தரத்தில் நின்றது.

ஜீப் ஸ்டாண்டில் இது தோல்வி. அதனால்தான் இத்தனை நாளும் இந்தப் பக்கமே என் புத்தி திரும்பவில்லை. மதினியின் சட்டத்தில் இது டிரா! கறுப்பு ராஜா வெட்டாமல் விலகினாலும் விடக்கூடாது. யானை துரத்திக்கொண்டு போய், பக்கத்தில் நின்று நின்று ‘வெட்டு வெட்டு’ என்று உயிரை வாங்கும். எவ்வளவு அழகு! சந்தோஷத்தில் சத்தமே போட்டுவிட்டேன்.

“வெடை கெடச்சிருச்சுல்ல? அனுப்பு” என்றார் வீட்டுக்காரர்.

“அனுப்பினா அன்னைக்கு ஆட்டமும் டிரான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே!”

“ஆகட்டுமே.”

“ஒங்களுக்கென்ன, சொல்லிருவீக!”

அன்று முழுக்க போனை எடுப்பேன், வைப்பேன். ஜெயித்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மனசு வருமா? தோற்கிற ஆட்டத்தை டிரா செய்வதைவிட, ஜெயித்ததாக நினைத்த ஆட்டத்தை டிரா செய்வது ரொம்பக் கஷ்டம். வியாழக்கிழமை காலை கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன் — ‘யானையை வெட்டக் கொடுத்தாச்சு மதினி. டிரா. ரெண்டு ஆட்டமும்.’

மெசேஜில் இரண்டு நீல டிக்குகள் விழுந்தன. பதில் இல்லை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. போன் அடித்தபோது கையெல்லாம் மாவு.

“ஏத்தா, கண்டுபிடிக்க இம்புட்டு நேரமா? நாளைக்கு விடியுமுன்ன பால் காய்ச்சணும். நீதான் வந்து அடுப்பப் பத்த வைக்கணும். அவனையும் கூட்டிட்டு வா.”

கவனித்தீர்களா? அழைப்பு எனக்கு. தம்பிதான் ‘அவனையும்’!

வெள்ளிக்கிழமை புது அடுப்பில் பால் பொங்கியது. மதினி முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “கடைசில யாருதான் ஜெயிச்சீங்க?” என்று கேட்டார்.

அன்றைக்கு நான் ஜெயித்திருந்தால், அந்தப் பால் எனக்குக் கிடைத்திருக்காது.