ஆழம், இரண்டாம் பதிப்பு

லோகேஷ் ஊரைவிட்டுப் போனது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். ஜும்மா முடிந்து பழவேற்காட்டுக் கடைத்தெரு கலைந்துகொண்டிருந்த நேரம். ஜமால் முகம்மதுவின் செல்போன் கடை வாசலில் நின்று, தன் மாமன் மகள் திவ்யாவிடம் நைனாவுக்குச் சொல்லிவிடும்படி சொன்னான். பொன்னேரி பஸ்ஸில் ஏறினான். கடைக்குள் இருந்த ஜமாலின் மகள் ருமானாவிடம் ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருஷம் அதே கடையின் பின்னறையில், ஒரே மேசையில், அவளோடு உட்கார்ந்து வேலை செய்தவன்.

பழவேற்காட்டு ஏரியில் மணல் ஓரிடத்தில் கிடக்காது. நேற்று படகு போன வழியில் இன்று தரை தட்டும். போகிற வருகிற படகுக்காரர்கள் ஓர் எண்ணுக்குப் போன் போட்டு எங்கே எவ்வளவு தண்ணீர் என்று சொன்னால், அதை வரைபடத்தில் ஏற்றிக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை ருமானா எழுதியிருந்தாள். பெயர் ‘ஆழம்’. வரைபடம் லோகேஷின் பொறுப்பு. படகுக்காரர்களைப் பிடித்துச் சேர்த்தது திவ்யா. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கக்கூடச் செய்யலாம்; உழைத்தவர்கள் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. அதுதான் அந்த மாதிரி மென்பொருளின் தர்மம்.

ஒரு மாதம் கழித்துச் சென்னைக் கம்பெனி ஒன்று சந்தா வாங்கிக்கொண்டு ஒரு செயலியை இறக்கியது. ருமானா திறந்து பார்த்தாள். அவள் எழுதிய நிரல், அவள் தேர்ந்த நீலம், அவள் செய்த எழுத்துப்பிழைகூட அப்படியே. அடியில் ஒரே ஒரு வரி: உருவாக்கியவர் லோகேஷ் கங்காதரன்.

கம்பெனிக்காரன் மத்தவங்க பேரை எடுக்கச் சொல்லியிருப்பான், பாவம் அவன் இன்னா பண்ணுவான் என்றாள் திவ்யா. அன்று இரவு ருமானா சாப்பிட்டது தன் தம்பி தட்டிலா தன் தட்டிலா என்று அவளுக்கே தெரியாது.

உடனே புதிய பதிப்பை வெளியிட்டு அவனுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. காரணம் லோகேஷ் கொண்டுவந்த முறைதான். அவன் குப்பத்தில் ஏரியின் நல்ல இடங்களில் வலை போடப் பாடு உண்டு. இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறங்காது. அதேபோல ஒவ்வொரு பதிப்பையும் மூவரில் ஒருவர் முறை வைத்து வெளியிடுவது என்று எழுதிவைத்திருந்தார்கள். அவன் போனபோது பாடு அவனுடையது. போனவன் வெளியிடவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவன் கம்பெனி செயலி மாதாமாதம் புதிதாக, ‘ஆழம்’ மட்டும் பழைய சேறாகக் கிடந்தது. அவன் பாட்டைத் திருடினாள் என்ற பேச்சு தனக்கு வந்துவிடக் கூடாது என்று ருமானா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாசியில் ஒருநாள் திவ்யா இறால் கூடையோடு கடைக்கு வந்தாள். இன்னும் எதுக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டாள். ருமானா சொன்னதும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

“பொழுது சாஞ்சா பாடு போச்சுடி. வலை போட்டா இன்னா, போடாங்காட்டி இன்னா. மறுநாள் அடுத்தவனுது. இதுகூடத் தெரியாம ஏழு மாசம் குந்திகினு இருந்தியா, டவுன்காரி?”

“அவன் இதைச் சொல்லலியே.”

“அவன் எந்நாளு வலை புடிச்சான்? காலேஜி போறேன்னு கரையிலயே நின்னவன். நீ அவன் மேல இரக்கப்பட்டு வுட்டு வெச்சிருக்கேன்னு இல்ல நெனச்சேன்.”

அன்றைக்கே ருமானா உட்கார்ந்தாள். திட்டம் போடும்போது அவள் முகத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது. கம்பெனி செயலிக்கு நிரல் மட்டும் போதாது. படகுக்காரர்கள் சொல்லும் ஆழம் இன்னமும் இந்தக் கடையின் கணினி வழியாகத்தான் அங்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பதிப்போடு அந்தப் பழைய வழியை அடைத்துவிடுவாள். புதிய வழியில் ஆழம் வேண்டுமென்றால், அதைச் சொன்ன படகுக்காரர் பெயரும் உழைத்த எல்லார் பெயரும் திரையில் வந்தே ஆகவேண்டும். மூன்று மாத அவகாசம் கொடுத்துப் பொதுவில் அறிவிப்பும் போட்டாள். யாரும் குறை சொல்ல முடியாது. லோகேஷ் அறிவிப்புகளைப் படிக்கிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் எழுதியதிலேயே மிகத் தெளிவான அறிவிப்பு அது.

நாள் குறிக்கத்தான் திவ்யாவின் உதவி தேவைப்பட்டது. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை கம்பெனி பெரிய மனிதர்களைக் கூட்டிவைத்து செயலியைக் காட்டப்போகிறது என்று லோகேஷின் அம்மா ஜெயம்மா ஊரெல்லாம் சொல்லியிருந்ததைத் திவ்யா வந்து சொன்னாள். அந்தத் திங்கள்தான் என்று ருமானா குறித்துக்கொண்டாள். அதற்கு முந்தைய வாரம் திவ்யா குப்பம் குப்பமாகப் போய், சந்தா கட்டியவர்கள் போனிலெல்லாம் ‘ஆழம்’ ஏற்றினாள். எந்தப் படகும் வழி தெரியாமல் நிற்கக் கூடாது. ஜெயம்மாவும் போனை நீட்டினாள்.

“என் புள்ள பேரு இதுல வருமாடி?”

“வரும் அத்தை. எல்லாரோடயும் வரும்.”

கடைக்குத் திரும்பியதும், அவன் பெயரை எதற்கு வைத்திருக்கிறாய், எடுத்துவிடு என்றாள் திவ்யா.

“இருக்கட்டும். அகர வரிசைதான். இருநூறு பேர்ல ஒருத்தன். என் பேருக்கு அடுத்து, கீழ,” என்றாள் ருமானா.

திங்கள் காலை வாப்பாவுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்து வெளியிட்டாள். பழைய வழி அடைபட்டது. கம்பெனி செயலியில் ஏரி வெறும் நீலமாக, ஓர் எண் இல்லாமல் நின்றது. சற்று நேரத்தில் லோகேஷிடமிருந்து போன் வந்தது. மேசைமேல் வைத்து அது அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தது. பாக்கெட்டிலிருந்த வறுகடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு ருசியான கடலையை அவள் அதற்கு முன் தின்றதில்லை.

அந்தச் செயலி அந்த வருஷமே மூடப்பட்டது. லோகேஷ் வேறெங்கோ வேலைக்குப் போனதாகக் கேள்வி. ‘ஆழம்’ பிறகும் இரண்டு பதிப்பு கண்டது.

ஒன்றரை வருஷம் கழித்து, மழைக்காலத்தில், ருமானாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வணக்கம் இல்லை, மன்னிப்பும் இல்லை.

“உங்க பேரை எடுக்கச் சொன்னது கம்பெனி இல்ல. அவங்க கேக்கவே இல்ல, நான்தான் எடுத்தேன். நீயும் என் பேரை எடுத்துடுவேன்னு நெனச்சேன். எடுத்திருந்தா கணக்கு தீந்திருக்கும். அம்மா தெனம் அந்தப் பட்டியலைத் தெறந்து, வர்றவங்களுக்கெல்லாம் என் பேரைக் காட்டுது. தயவுசெஞ்சு எடுத்துடு.”