எச்சில் பார்க்கிறவர்

சளிக்கு மருந்து சொல்லாத வாய் பினாங்கில் கிடையாது. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட, எதிரில் ஒரு தும்மல் போட்டுவிட்டால் போதும், ஆளுக்கொரு கைமருந்தோடு வந்து நிற்பார்கள். குளிர்காலம் என்று தனியாக எங்களுக்கு இல்லை. ஆண்டுக் கடைசியில் பிடித்துக்கொள்ளும் மழைதான் எங்கள் குளிர்காலம். துணி காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். கடல்காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். மலாய்க்காரர்கள் அதைச் செல்செமா என்பார்கள், நாங்கள் ஜலதோஷம் என்போம். எந்தப் பெயரில் வந்தாலும் ஒழுகுகிற மூக்கு ஒன்றுதான்.

கைமருந்துகளை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். அவற்றைக் குடித்துத்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறேன். சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமும் இல்லை என்று என் அம்மா சொல்வாள். நான் அதோடு எங்கள் பினாங்கு ஜாதிக்காயையும் சேர்த்துக்கொள்வேன். ஆனால் என் வாழ்நாளில் நான் பட்ட பெரிய நன்றிக்கடன் சுக்குக்கும் இல்லை, ஜாதிக்காய்க்கும் இல்லை. எச்சில் என்றால் ஏழு கடல் தாண்டி ஓடும் ஒரு மனிதருக்கு. அவர் என் வீட்டுக்காரர்.

துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணி வேலை அவருக்கு. நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார். அவர் எச்சில் பார்ப்பதைச் சாதி ஆசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். யார் வீட்டிலும் உட்காருவார், யார் தோளிலும் கை போட்டுப் பேசுவார். இது உடம்போடு பிறந்த அருவருப்பு. அவருடைய தம்ளர் தனி. அதிலும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார். அண்ணாந்து ஊற்றிக்கொள்வார், தன் எச்சிலே தனக்கு ஆகாது என்பதுபோல. கீழே பொதுக்குழாயில் முதலில் குழாயைக் கழுவுவார், பிறகு கையைக் கழுவுவார். அப்புறம் குழாயை மூட வேண்டுமே, அதற்கு அதே கையால் தொட வேண்டுமே என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொண்டு நிற்பார். அதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வீட்டில் ஆள் இருந்தது.

கல்யாணமான புதிதில் நான் கடித்த முறுக்கின் மறுபாதியை ஆசையாக நீட்டினேன். அவர் பார்த்த பார்வையில் அந்த முறுக்கே வெட்கப்பட்டிருக்கும். மகள் பிறந்த பிறகாவது மாறுவார் என்று பார்த்தேன். உள்ளங்காலைத் தொட்டுத்தான் கொஞ்சுவார். கன்னத்தில் பால் வடிந்திருந்தால் எட்ட நின்று, "தொடச்சு விடு" என்பார்.

"பெத்த புள்ளகிட்டயும் எச்சில் பாக்கிற மனுசன் உலகத்துல உண்டாங்க?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விடுவார்.

அப்போது நாங்கள் ஜார்ஜ் டவுனில், சந்தைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், அறைக்கொரு குடும்பமாக இருந்த ஒரு கடைவீட்டின் மாடி அறையில் குடியிருந்தோம். அந்தக் கடைவீடுகளின் நடுவில் கூரையில்லாத முற்றம் இருக்கும். மழை நேராக அதில் கொட்டும். மாடி அறைகளின் ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். ஆகையால் கீழ்வீட்டோடு பேசப் படி இறங்க வேண்டியதில்லை. ஜன்னலில் நின்று கத்தினால் போதும். ஏதாவது வாங்கவோ கொடுக்கவோ வேண்டுமானால் கயிறு கட்டிய கூடை மேலும் கீழும் போய்வரும். வீட்டில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கீழே மளிகைக்கடை வைத்திருந்தது ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நான் லாத்தா என்று கூப்பிடுவேன்; அவர்கள் வழக்கில் அக்கா. ஏழெட்டுப் பிள்ளை பெற்றவர். வாய் முரசு, மனசு வெல்லம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு மழையில் மொத்த வீடும் படுத்துவிட்டது. சாதாரணச் சளி இல்லை, எலும்பை முறிக்கிற காய்ச்சலோடு வந்த சளி. முற்றத்தில் எழும் இருமலைக் கேட்டே எந்த அறையில் யாருக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் என் தாய்வீட்டிலும் இதே கதை. அம்மாவால் கப்பலேறி வர முடியாது என்று தகவல் வந்தது. நான் பாயோடு பாயாகக் கிடந்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு தும்மல்கூட இல்லை.

"பாத்தியா? எச்சில் பாக்கிறவனுக்கு ஒண்ணும் வராது" என்றார். எழுந்து உட்காரச் சத்து இருந்திருந்தால் அன்று ஒரு தம்ளர் பறந்திருக்கும்.

ஆனால் குறை சொல்லக் கூடாது, மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டார். மிளகை எண்ணெய் விடாமல் வறுத்து, கறுக்கிக் கரியாக்கி, அதில் ஒரு ரசம் வைத்தார். அது தொண்டையில் இறங்கியபோது சளியே பயந்து வழிவிட்டது. லாத்தா தன் பிள்ளைகள் எல்லாம் காய்ச்சலில் கிடக்கும்போதும் கூடையில் ஏதாவது வைத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு வேளை இஞ்சியும் பனைவெல்லமும் தட்டிப் போட்ட கஞ்சி. இன்னொரு வேளை ஆவி பிடிக்கச் செராய்ப் புல், அந்த எலுமிச்சை மணம் மூக்கு அடைத்திருந்தும் தலைக்குள் ஏறும். நெற்றியில் இழைத்துப் போட ஒரு ஜாதிக்காய். கூடையை மேலே இழுக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். காய்ச்சலா நன்றியா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அப்புறம் பிள்ளைக்கு வந்தது. தலை நிற்காத பிள்ளை. முதலில் மூக்கில் ஒரு கரகரப்பு. வெற்றிலையில் எண்ணெய் தடவி விளக்கில் வாட்டி நெஞ்சில் போட்டோம். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து அருகே காட்டினோம். மஞ்சளைச் சுட்டு அதன் புகையைத் தூரத்தில் காட்டினோம். ஒன்றுக்கும் அந்த மூக்கு அசையவில்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் பால் குடிக்கவில்லை. மார்பில் போட்டால் பசியோடு ரெண்டு இழுப்பு இழுப்பாள், மூச்சு முட்டும், விட்டுவிட்டு வீறிடுவாள். விடிந்தபோது வீறிடுவதும் குறைந்து ஒரு முனகலாகிவிட்டது. கட்டியிருந்த துணி ஈரமே ஆகவில்லை. எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை அந்த வாரம்தான் போயிருந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, அழுகைச் சத்தம் சொல்லிவிட்டது.

இவர் மழையில் ஓடி டாக்டர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் வேறு நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்களாம். நனைந்த சட்டையோடு வாசற்படியில் நின்றுகொண்டு பிள்ளையையே பார்த்தார். அப்போது முற்றத்திலிருந்து லாத்தாவின் குரல் வந்தது.

"தங்கச்சி! புள்ள பால் குடிச்சிச்சா?"

"இல்ல லாத்தா. ரெண்டு வாய் இழுக்குது, மூச்சு முட்டி விட்டுடுது."

"மூக்கு அடைச்சிருக்குலா. வாய்ல பால் இருந்தா அது எந்த வழியா மூச்சு விடும்? உன் பாலையே ரெண்டு சொட்டு மூக்குல விடு. ஊறட்டும். அப்புறம் வாய் வெச்சு உறிஞ்சித் துப்பு. என் புள்ளைங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் செஞ்சேன். வேற வழி இல்லலா."

பாலைத் துளித்துளியாக விட்டேன். அந்தச் சின்ன மூக்கில் வாய் வைத்தேன். என் மூக்கும் அடைப்பு. வாயும் போய்விட்டால் நான் மூச்சு விட வழியில்லை. இழுக்கும் முன்னே இருமல் வந்து உடம்பைக் குலுக்கியது. பிள்ளை கையிலிருந்து நழுவப் பார்த்தாள். இன்னொரு முறை முயன்றேன், அதே கதைதான். அழுதுவிட்டேன்.

"என்னால முடியல லாத்தா."

"நீ விடு. வீட்டுக்காரர் எங்க?"

"இங்கதான் நிக்கிறார்."

முற்றம் ஒரு நொடி அடங்கிவிட்டது. இருமல்கூட நின்றது. குழாயைக் கழுவிவிட்டுக் கை கழுவுகிறவரை அந்த வீட்டில் அறியாதவர் யார்? லாத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானே வந்திருவேன் தங்கச்சி. எனக்கு இருமல் நிக்கல, என் சின்னதுக்கு நெஞ்சுல இரையுது. நான் வாய் வெச்சா இதையும் சேத்துல்ல கொடுத்திருவேன்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டு, அவர் தயங்கி, அந்தத் தயக்கத்தை ஆயுள் முழுக்க என்னால் மறக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். அவர் படி இறங்கிப் போனார். கீழே குழாய்ச் சத்தம் கேட்டது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, இந்த மனிதர் கை கழுவப் போய்விட்டாரே என்று பல்லைக் கடித்தேன்.

கையும் வாயும் முகமும் கழுவிக்கொண்டு மேலே வந்தார். கையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். பின்னால் வாய் கொப்பளிக்கத்தான் என்று புரிந்தது. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"புள்ளயக் குடு."

"உங்களுக்கும் வந்துடுங்க" என்றேன். அந்த நேரத்தில் ஏன் அப்படிச் சொன்னேனோ.

"தெரியும். குடு."

மடியில் வாங்கித் தலையை உள்ளங்கையில் ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டு வாயை வைத்து உறிஞ்சினார். பக்கத்துக் கலயத்தில் துப்பினார். குமட்டல் வந்து தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தேன். மறுபடி குனிந்தார். அடுத்த துவாரத்தில் வைத்து உறிஞ்சினார், துப்பினார். கண்ணில் நீர் வழிந்தது. மெதுவாங்க, மெதுவாங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். திடீரென்று பிள்ளை மூக்கில் காற்று போகும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் ஓவென்று ஒரு அலறல் போட்டாள். அவ்வளவு கோபமான, அவ்வளவு நல்ல அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

மார்பில் போட்டேன். இழுத்தாள். விடவில்லை. மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"என்னலா ஆச்சு?" என்று கீழிருந்து குரல்.

"குடிக்கிறா லாத்தா! குடிக்கிறா!"

லாத்தா ஆண்டவனைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். எந்த அறையிலிருந்தோ ஒருவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, வீடு முழுக்க மறுபடி இருமல் தொடங்கிவிட்டது. இவர் சுவரில் சாய்ந்து, பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த அடைப்பு விடும்வரை ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்னும் அவரேதான் செய்தார். மத்தியானம் டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, பால் குடிக்கிறாள் இல்லையா, அப்படியானால் பயமில்லை என்றார். மகள் தேறினாள், இவர் விழுந்தார். அதுவரை தும்மாத தும்மலை எல்லாம் வட்டியும் முதலுமாகத் தும்மினார். அவர் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ராத்திரி முழுக்க அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கூடை மறுபடி ஏறி இறங்கியது. செராய், இஞ்சிக் கஞ்சி, ஜாதிக்காய் எல்லாம் இப்போது அவருக்கு. ரசம் நான் வைத்தேன், கறுக்காமல். பிதற்றும்போதும், "தம்ளரக் கழுவினியா?" என்றுதான் பிதற்றினார். அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்தது. பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்துவிட்டது.

எழுந்து நடமாடியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இத யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத."

"வீட்டுக்கே கேட்டாச்சு. நான் வேற சொல்லணுமாக்கும்!" என்றேன்.

ஆனால் சொல்லவில்லை. மகள் நடக்கத் தொடங்கியபோது ஆயர் ஈத்தாம் பக்கம் வீடு மாறினோம். அங்கே அந்தக் கதை தெரிந்தவர் இல்லை. இவருடைய தம்ளரும் கூடவே வந்தது, பழக்கமும் வந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு நாள், சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்த் துண்டு ஒன்றைக் கடித்துப் பார்த்து, இனிப்பாக இருக்கவே, ஓடிப்போய் அவர் வாயருகே நீட்டினாள்.

"எச்சில்மா. நீயே சாப்பிடு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் என்னிடம் வந்து நின்றாள். உதடு துடித்தது. "அப்பாவுக்கு என்னக் கண்டா அருவருப்பாம்மா?"

அதற்கு மேல் என் வாயைக் கட்டி வைக்க என்னால் முடியவில்லை. மழையையும், லாத்தாவையும், அவள் மூக்கையும் சொன்னேன். அவள் கண் அகலக் கேட்டாள். கேட்டு முடித்ததும் நேரே அவரிடம் போய்விட்டாள்.

"அப்பா, நீங்க என் மூக்க உறிஞ்சினீங்களாமே?"

அவர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! "ஒங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காதே" என்றார். காது சிவந்துவிட்டது. அவள் அந்தக் கடித்த துண்டை மறுபடி நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையில் வாங்கி, கடிக்காத பக்கமாகத் திருப்பி, ஓரத்தில் ஒரு கடி கடித்தார். அடுத்த நிமிடம் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அன்று அவள் பால் குடித்துத் தூங்கிய பிறகு, நான் எழுந்து அந்தச் செம்பைப் பார்த்தேன். அவர் கொண்டுவந்து வைத்த தண்ணீர் அதில் அப்படியே நிறைந்திருந்தது.