ஹரியின் பக்கெட்

கோயம்புத்தூர் கல்லூரி விடுதிக்கு மகள் மீனு நாளை கிளம்புகிறாள். புது நீலப் பக்கெட்டையும் சின்னப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, பேரெழுதித் தாங்கோ. ரூம்மேட்டும் இதே கலர்தான் வாங்கியிருக்காளாம். மாறிப்போயிடும்."

மூடியைத் திறந்தேன். அந்தப் பெயிண்ட் வாடை போதும், இதே மட்டாஞ்சேரியில் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் சிறுவனாக நின்றேன்.

அப்பா தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, சிவப்புப் பக்கெட்டில் 'ஹரி' என்று எழுதினார். ஊதி ஊதிக் காயவைத்தார். என் அண்ணன் ஹரி அதைத் தூக்கிக்கொண்டு திருச்சூர் ஹாஸ்டலுக்குப் போனான். முதல் வருஷமே மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். பக்கெட்டை அவனுடைய ரூம்மேட்தான் கொண்டுவந்து கொடுத்தான். அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள். அந்தப் பையன் அழுதானே தவிர குடிக்கவில்லை.

எங்கள் தெருவில் குடிதண்ணீருக்கு டேங்கர் லாரிதான். குடங்களும் பக்கெட்டுகளும் வெயிலில் வரிசையாக இருக்கும். நாங்கள் நிழலில் ஒதுங்கி நிற்போம். ஒருநாள் அம்மா அந்தச் சிவப்புப் பக்கெட்டையும் வரிசையில் வைத்துவிட்டாள். ஹோஸைப் பிடித்திருந்த சேட்டன் ஊருக்குப் புதியவர். பக்கெட்டின் முறை வந்ததும் பெயரைப் படித்து, யார் ஹரி என்று மலையாளத்தில் கத்தினார்.

"ஹரீ! ஆராணு ஹரி? வேகம் வா!"

நிழலில் நின்றவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள்.

"தோ, வந்துட்டான்" என்றபடி அம்மா ஓடினாள்.

"பேர் வேண்டாம் மோளே, ஒரு பூ வரையட்டுமா?" என்றேன் மீனுவிடம்.

"அய்யே, நான் என்ன எல்கேஜியா?"

பிரஷை என் கையிலிருந்து பிடுங்கி அவளே பெயரை எழுதினாள். பிறகு குனிந்து, ஊதி ஊதிக் காயவைத்தாள்.