ஆறாம் நாள் திறந்த கூடை

தேதி கிழிக்கும் காலண்டரின் தாள்களை நான் எறிவதில்லை. பின்பக்கத்தில் அன்று நடந்ததை எழுதி ஆணியில் குத்தி வைப்பேன். போன வருடத்து ஐப்பசித் தாள்களை இந்த வாரம் எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடத்தில் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

முதல் தாளில் இருப்பது: “பொரிக்கவில்லை. பதினொன்றும் கூமுட்டை.” என் மனைவியின் புள்ளிக்கோழி இருபத்தொரு நாள் அடைகிடந்தும் ஒரு குஞ்சு இல்லை. எங்கள் சேவலை ஆடியிலேயே தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. பக்கத்துத் தெருச் சேவல் எப்போதாவது வேலி தாண்டியிருக்கும் என்ற நப்பாசையில் அவள் முட்டை வைத்தாள். புள்ளிக்கோழிக்கு ஐந்து வயது. இருந்த ஏழு கோழிகளில் நான்கு அதன் வாரிசு. இன்னும் ஒரு முறைதான் அது அடையில் உட்காரும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சேவல் உடனே வேண்டியிருந்தது.

வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். ஒரு வீட்டில் மூன்று சேவல்கள் இருந்தன. பெரியதற்குக் கொண்டை அழகு; ஆனால் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு நின்றன, உள்ளே பூச்சி. கையிலிருந்த கம்பு மணிகளை இறைத்தேன். இரண்டாவது சேவல் கோழிகளைக் கொத்தித் துரத்திவிட்டுத் தானே தின்றது. மூன்றாவது சிவப்பு, காலில் முள் இப்போதுதான் முளைத்திருந்தது. அது ஒரு மணியை எடுத்தது, கீழே போட்டது, கொக்கொக்கென்று கோழிகளைக் கூப்பிட்டது.

“அதுவா? அது துன்னாதுங்க,” என்றாள் வீட்டுக்காரப் பெண். “பொட்டைங்களுக்குக் குடுத்துட்டுப் பட்டினி கெடக்கும். எங்க வூட்டு ஆம்பளைய அதுகிட்ட பாடம் படிக்க அனுப்பலாம்னு பாக்கறேன்.”

அதையே வாங்கினேன்.

வெளியிலிருந்து வரும் கோழியைப் பதினான்கு நாள் தனியாக வைக்க வேண்டும். பிறகு கூடையோடு மற்றவற்றின் நடுவில் இரண்டு நாள், பார்த்துப் பழகட்டும். அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் கூண்டில் சேர்த்தால் சண்டை இருக்காது. தாளில் பதினான்கு கோடு போட்டு, தோட்டத்தின் கோடியில் கூடையைக் கவிழ்த்துச் சாக்குப் போட்டு மூடினேன். தோட்டம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. வீட்டைப் பாகம் பிரித்தபோது தோட்டத்தைப் பிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேவல் கூவியது. அண்ணன் வந்து நின்றார்.

“இன்னாடா இது, வெளக்கு வைக்கிற நேரத்துல கூவுது? அகாலத்துல கூவுனா ஆவாது.”

“தீனி வைக்க சாக்க எடுத்தா வெளிச்சம் படுதுண்ணா. விடிஞ்சிடுச்சின்னு நெனச்சிக்கினு கூவுது.”

“ஞாயித்துக்கெழம சின்னசேலத்துலேர்ந்து எம் பொண்ண பாக்க வராங்க. அவங்க உக்காந்துகினு இருக்கசொல்ல இது கூவுச்சின்னா?”

“நல்ல சேவல்னு கேட்டு வாங்கிக்கினு போவாங்க.”

பின்னால் வந்து நின்ற அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் தாள்: “எச்சம் வெள்ளை, கொஞ்சம் பச்சை. மந்தம்.” அன்றே அண்ணனிடம் சொன்னேன்: “அதுக்கு ஒடம்பு சரியில்லண்ணா. யாரும் தொறக்காதீங்க.” அவர் தலையாட்டினார். தலையாட்டினார் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

ஆறாம் நாள், சனிக்கிழமை. நான் கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரிக்கு மருந்து கேட்கப் போயிருந்தேன். மனைவி ரேஷன் கடையில். திரும்பி வந்தபோது கூடை மல்லாந்து கிடந்தது. சேவல் மற்ற கோழிகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“நான்தான் வுட்டேன்,” என்றார் அண்ணன். “இப்ப வாய தொறக்குதா பாரு. ஒத்தையில கெடந்தா மனுசனே கத்துவான்.”

“ஏண்ணா,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தாளில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது. சேவலைப் பிடித்து மறுபடி அடைத்தேன், தொட்டியைக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்துக்காரர்கள் வந்தார்கள், பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை ஒரு கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வெள்ளைக்கழிச்சல் நோய். அந்த வருடம் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைக் கொண்டுபோகாதது என் குற்றம்; அதையும் எழுதியிருக்கிறேன். ஒன்பது நாளில் ஐந்து செத்தன. கடைசியாகப் போனது புள்ளிக்கோழி. மனைவி இரண்டு நாள் அதன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். நோயில் விழுந்தவற்றில் சேவல் மட்டும் தேறிவிட்டது.

புள்ளிக்கோழிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். வருத்தப்படத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“பாத்தியா? அன்னைக்கே சொன்னேன். அகாலத்துல கூவுனா சாவு வுழும். நல்ல காலம், மனுசனுக்கு வந்தது கோழியோட போச்சி. அந்த சேவல இன்னைக்கே அறுத்துடு.”

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் முன்னால் அதுவரை குரல் உயர்த்தாத என் மனைவிதான் பேசினாள். அப்போதும் குரல் உயரவில்லை.

“கூவுன வாய அறுக்கணும்னா, கூடைய தொறந்த கைய இன்னா பண்றது மாமா?”

அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார். சேவல் கூவித்தான் சாவு விழுந்தது என்று ஊரெல்லாம் சொன்னார். தையில் நடந்த கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளையின் சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் பிசைந்துகொண்டே கேட்டார்: “உங்க வூட்டு சேவல் முன்கூட்டியே சொல்லிடுச்சாமே?” சகுனம் ஜெயித்துவிட்டது. நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு, நோயை முன்னமே அறிந்தவர் என்று பெயர். என்னிடம் இருந்த தாள்களை யார் படிக்கப்போகிறார்கள்?

கல்யாணம் முடிந்த மறுவாரம் தோட்டத்தை நாடா வைத்து அளந்து, சரிபாதியில் தகரம் அடித்தேன். மிஞ்சிய இரண்டு கோழிகளும் சேவலும் எங்கள் பக்கம். அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எதுக்குடா நடுவுல தகரம்?”

“நாய் வருதுண்ணா,” என்றேன்.

அறுபது வயதில், கையில் சுத்தியலோடு நின்றுகொண்டு, அப்போதும் நாயைத்தான் காரணம் சொன்னேன்.